தவிட்டோடு வந்த பெயர்

என் தம்பிக்கு எட்டு வயது வரை ஓர் ஆங்கிலேயப் பெயர் இருந்தது. கிளேட்டன். பள்ளியில் அவனுக்கு அப்பாவின் அப்பா பெயர்தான். இன்றைக்கும் எழுதுவது அதைத்தான். ஆனால் ஹவுராவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடிப்படியிலிருந்து "கிளேட்டன்!" என்று குரல் வந்தால், சாப்பிடுகிற தட்டைக்கூட அப்படியே போட்டுவிட்டு ஓடுவான். திருநீறு பூசாமல் காப்பிகூடக் குடிக்காத அப்பாவின் பிள்ளைக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்காத தமிழர் இல்லை. தமிழர்கள் கூடும் லேக் மார்க்கெட்டில் தேங்காய் வாங்கிக்கொண்டிருப்போம், யாராவது பக்கத்தில் வந்து, "என்ன, கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டீங்களாமே?" என்று ஆரம்பிப்பார்கள். வங்காளிகள் மட்டும் கேட்கவில்லை. அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பெயர், வீட்டில் கூப்பிட ஒன்று, வெளியே சொல்ல ஒன்று. வீட்டுப் பெயர் எவ்வளவு கோணலாக இருந்தாலும் அவர்களுக்கு அது விசேஷம் இல்லை.

அந்தப் பெயர் வந்ததும் போனதும் எனக்குத் தெரியும். இரண்டு முறையும் நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

எனக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டு தம்பிகள் பிறந்தார்கள். இரண்டு பேருமே பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டார்கள். இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு வந்த அம்மா, நேராக அடுக்களைக்குப் போய் உலை வைத்தாள். அழவில்லை. அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டிருந்தாள். அப்பா வந்து கையைப் பிடித்து நிறுத்தினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூன்றாவது பையனாக இவன் பிறந்தபோது, அம்மா முன்கூட்டியே முடிவு செய்துவிட்டாள். பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்க வேண்டும்.

இது எங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கம். பிள்ளைகள் தங்காத வீட்டில், பிறந்த குழந்தையை வெளியாள் ஒருத்தியிடம் கொடுத்துவிடுவார்கள். எங்களுக்கு வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்று. அவள் தன் பிள்ளையாக எடுத்து ஒரு பெயர் வைப்பாள். பெயர் அசிங்கமாக இருக்க வேண்டும். குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டி, இப்படி. பிறகு பெற்றவள் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து அவனை வாங்கிக்கொள்வாள். எமன் வந்து பார்த்தால் அது தவிட்டுக்கு வாங்கிய பண்டம், பெயரோ குப்பை. இதைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்வது என்று திரும்பிவிடுவான். எமனை இவ்வளவு சுலபமாக ஏமாற்றலாம் என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் இரண்டு பிள்ளைகளை மண்ணில் வைத்தவளைப் பார்த்துச் சிரிக்கிற துணிச்சல் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

யாரிடம் கொடுப்பது? ஹவுராவிலேயே ரயில்வேயில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருந்தன. அம்மாவுக்கு அவர்கள் யாரும் வேண்டாம்.

"நம்ம ஆளுவ வாங்குனா எமன் ஈசியா மோப்பம் புடிச்சிருவான். அவனுக்கு வழி தெரியாத வீடா இருக்கணும். மேல இருக்காள்லா, அந்தம்மாகிட்ட கேளுங்க" என்றாள் அப்பாவிடம்.

மேலே இருந்தவர் ஆங்கிலோ இந்தியர். ரயில்வே தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறிவிட, இவர் மட்டும் அந்தப் பழைய வீட்டு மாடியில், பூப்போட்ட கவுனும் மொட்டைமாடியில் நாலைந்து கோழிகளுமாகத் தங்கிவிட்டார். நாங்கள் எல்லோரும், அப்பா உட்பட, அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டோம். ஆன்ட்டிக்கு ஆங்கிலம் தெரியும், ரயில்வே இந்தி தெரியும். அந்த இந்தியில் ஆண், பெண், மேசை, நாற்காலி எல்லாம் ஒன்றுதான். அம்மாவின் இந்தியும் அதே தரம் என்பதால் இரண்டு பேருக்கும் பேச்சு நன்றாகவே ஓடியது.

விஷயம் பெரியது என்பதால் அப்பா ஆங்கிலத்தில் பேசப் போனார். அங்கேதான் தப்பு நடந்தது. ரயில்வே கணக்கு ஆபீசில் இருந்துகொண்டு, மேலதிகாரிகளிடம் பேசுவதற்கு அடக்கமான ஆங்கிலம் ஒன்று வைத்திருந்தார். அதில் ஒரு மரியாதைப்பட்ட பெண்மணியிடம் போய், என் பிள்ளைக்குக் குப்பை என்று பெயர் வையுங்கள் என்று எப்படிச் சொல்வது? நாக்கு எழவில்லை. "தாங்கள் குழந்தையைக் கையில் வாங்கி, தங்களுக்கு விருப்பமான ஒரு பெயரைச் சூட்ட வேண்டும். அது எங்கள் குடும்பத்துக்குப் பெரிய உபகாரம்" என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார். ஆன்ட்டி என்ன நினைப்பார்? அவர்கள் சபையில் ஞானத்தாய் என்று ஒருத்தியை வைப்பார்கள் அல்லவா, அப்படி ஒரு கௌரவம் தனக்குக் கிடைத்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

தவிட்டுக்கே பெரும்பாடு. கல்கத்தாவில் அரிசி வாங்கலாம், தவிடு எங்கே வாங்குவது? கடைசியில் அப்பா தெருக்கோடியில் பிகார்க்காரர்கள் எருமை கட்டியிருந்த கொட்டகைக்குப் போய் ஒரு பை நிறைய வாங்கி வந்தார்.

அன்று காலை ஆன்ட்டி சர்ச்சுக்குப் போடும் நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு, முத்துமாலை, லிப்ஸ்டிக் எல்லாமாகப் படியிறங்கி வந்தார். நாங்கள் அசிங்கமான சடங்கு ஒன்றுக்குத் தயாராக இருந்தோம், அம்மா வேண்டுமென்றே கிழிந்த சேலை கட்டி நின்றிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழந்துணியில் சுற்றிய தம்பியை அம்மா நீட்டினாள். ஆன்ட்டி வாங்கி, மார்போடு வைத்து, வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் லிப்ஸ்டிக் வரை வந்துவிட்டது. பிறகு, மிக மெதுவாக, "கிளேட்டன்" என்றார்.

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "என்னது?"

"அதான் பேரு."

"குப்பைன்னுல்லா வைக்கச் சொன்னேன். இது என்ன, கவர்னர் பேரு மாதிரி இருக்கு?"

"வாய மூடு. அவங்க அழுதாங்க பாரு. இப்பம் போயி மாத்தச் சொல்ல முடியுமா?"

அம்மா முறத்தை நீட்டினாள். ஆன்ட்டிக்குத் தவிடு எதற்கு என்று புரியவில்லை. பிள்ளைக்குக் காசு வாங்குகிற மாதிரி இருக்கிறது, வேண்டாம் என்று மறுத்தார். அப்பா மன்றாடிய பிறகு, கோழிகளுக்கு ஆகும் என்று சிரித்தபடி ஒரு கிண்ணத்தில் வாங்கிக்கொண்டார். தம்பி அம்மாவிடம் வந்தான். அம்மாவின் முகத்தில் சந்தோஷம் இல்லை. எமனுக்குக் குப்பையைக் காட்ட நினைத்தவள், அவன் கண் முன்னால் சீமைச் சரக்கைத் தூக்கிக் காட்டிவிட்டோமே என்று நடுங்கினாள். அவள் வாயால் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. "எய்யா", "ஏல", "சின்னவனே" என்று எதையாவது சொல்லிச் சமாளித்தாள். அவன் நெற்றியில் வைத்த கறுப்புப் பொட்டு வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போனது.

அவள் கூப்பிடாததையும் சேர்த்து ஆன்ட்டி கூப்பிட்டார். காலையில் கூப்பிடுவார், மாலையில் கூப்பிடுவார், காரணமில்லாமலும் கூப்பிடுவார். வருஷக்கணக்காக யார் யாருடைய இணைப்பையோ கொடுத்துக்கொண்டிருந்த குரல் அது. தெருமுனை வரை தெளிவாகக் கேட்கும். அவன் போனால் ஒரு பிஸ்கட், ஒரு துண்டு கேக், சில நாள் ஒன்றுமே இருக்காது. "சும்மா கூப்பிட்டேன்" என்பார். நான் மேலே போனால் எனக்கும் கேக் கிடைக்கும். ஆனால் என்னை அப்படி யாரும் கூப்பிடவில்லை. எனக்குப் பொறாமைதான்.

அவனுக்கு எட்டு வயதானபோது, ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. அந்த வருஷம் கல்கத்தா முழுக்க மலேரியா. எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர், வீட்டுக்கு ஒருவர் படுக்கையில். முதலில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. குளிர் வந்தால் கட்டிலே ஆடியது. ஆஸ்பத்திரியில் இடமில்லை என்று, ரயில்வே டாக்டர் ஒருவர் வீட்டுக்கே வந்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அம்மா சாப்பிடவில்லை, தலை சீவவில்லை. ஆன்ட்டி தினமும் கோழி சூப்பை எடுத்துக்கொண்டு, கவுனைத் தூக்கிப் பிடித்தபடி படியிறங்கி வருவார். எங்கள் வீட்டில் கோழி நுழைந்ததே அந்த வாரம்தான். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், அம்மா ஸ்பூனை வாங்கி ஊட்டினாள்.

ஒரு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருந்த ஆன்ட்டி, தனக்குத்தானே பேசுவது மாதிரி, ரயில்வே இந்தியில் சொன்னார். தனக்கும் ஒரு தம்பி இருந்தான். கரக்பூரில் இருந்தபோது. இதே வயது, இதே மாதிரி காய்ச்சல். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அவன் பெயரும் கிளேட்டன்தான். அவனுக்கு வைத்த பெயரைத்தான் இவனுக்குக் கொடுத்தேன் என்றார்.

ஆறுதலாகச் சொல்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னார். இந்த வேதனை எனக்கும் தெரியும் என்று சொல்ல வந்தார், பாவம். அம்மாவுக்கு நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. அவள் கையிலிருந்த கிண்ணம் கீழே விழுந்தது.

மறுநாள் காலையில் அப்பாவை மறுபடி அந்த எருமைக் கொட்டகைக்கு விரட்டினாள். "செத்த பிள்ளை பேர எம்பிள்ளைக்கு வச்சிருக்கா. அவன் பேரத் தேடித்தாம்லா காய்ச்சலு வந்திருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா ஏதோ சொல்லிப் பார்த்தார்; அந்த முகத்தைப் பார்த்த பிறகு பையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். தவிடு வந்ததும் முறத்தில் கொட்டி எடுத்துக்கொண்டு, "ஏட்டி, நீ வா. நான் சொல்லுதத அப்படியே சொல்லணும். உங்கப்பா மாதிரி பூசி மெழுகப்பிடாது" என்று என்னை இழுத்துக்கொண்டு மாடியேறினாள்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயதுக்குப் பக்கம். சொன்னேன். அப்பா அன்றைக்குச் சொல்லத் தயங்கியதையெல்லாம் சேர்த்தே சொன்னேன்: பிள்ளை தங்க வேண்டும் என்றுதான் உங்களிடம் கொடுத்தோம், மட்டமான பெயர் வேண்டும் என்றுதான் கேட்டோம், நீங்கள் உயர்ந்த பெயரை, அதுவும் இறந்துபோன பிள்ளையின் பெயரை வைத்துவிட்டீர்கள், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்ட்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "உன் அம்மாவிடம் சொல். இது உயர்ந்த பெயர் இல்லை" என்றார்.

அவருடைய தாத்தா இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு சின்ன ஊரிலிருந்து வந்தவராம். அந்த ஊருக்குத்தான் கிளேட்டன் என்று பெயர். அங்கே தோண்டின இடமெல்லாம் களிமண். செங்கல் அறுக்கிறதுதான் பிழைப்பு. பழைய இங்கிலீஷில் களிமண் ஊர் என்று அர்த்தம், அவ்வளவுதான். தாத்தா ரயில் பாதைக்குச் செங்கல் சூளை போட வந்து, இங்கேயே கல்யாணம் செய்து, இங்கேயே இறந்தார். ஊரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் பேரனுக்கு ஊர்ப் பெயரை வைத்தார்கள். "எங்கள் வீட்டில் யாரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஒரு பிரபு கிடையாது, ஒரு கோட்டை கிடையாது. வெறும் சேறு. உன் அம்மா கேட்டது என்னவோ அதைத்தான் நான் கொடுத்திருக்கிறேன்."

கிளே என்றால் களிமண். பள்ளிக்கூடத்தில் நானே அதைப் பிசைந்து யானை செய்திருக்கிறேன். எட்டு வருஷம் தினமும் காதில் விழுந்த பெயர். அதைப் பிரித்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெயரை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்?

"யம்மா, அதுக்கு மண்ணுன்னுதான் அர்த்தமாம். களிமண்ணு. நம்ம மண்ணாங்கட்டி மாதிரியேதான்" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மண்ணுன்னு பேர் வச்சா இப்படி மணி அடிச்ச மாதிரியா இருக்கும்? வெள்ளைக்காரன் பெத்த பிள்ளைக்கு மண்ணுன்னு வைப்பானா? விட மனசில்லாமச் சொல்லுதா. நீயும் நம்புத."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. ஆன்ட்டி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார்.

"தவிட்ட வாங்கிக்கிடச் சொல்லு. இனிமே அவன அந்தப் பேர் சொல்லிக் கூப்புடப்பிடாது. சத்தமாவும் கூடாது, மெதுவாவும் கூடாது."

சொன்னேன். ஆன்ட்டி கவுனின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். அம்மா தவிட்டைக் கொட்டினாள். கொட்டும்போது இரண்டு பேருமே அழுதார்கள். "அவன் பிழைத்தால் போதும்" என்றார் ஆன்ட்டி. அதுதான் அவர் அன்றைக்குச் சொன்ன கடைசி வார்த்தை.

தம்பி பிழைத்தான். அன்று காலைதான் டாக்டர் வேறு ஊசிக்கு மாறியிருந்தார். அதை அப்பா சொல்லிப் பார்த்தார், அம்மாவிடம் எடுபடவில்லை. அவளைப் பொறுத்தவரை பெயர் போனது, காய்ச்சல் போனது.

ஆன்ட்டி வாக்குத் தவறவில்லை. ஆனால் ஒரு பிள்ளையைக் கூப்பிட ஏதாவது ஒரு சொல் வேண்டுமே. பள்ளியில் வைத்த பெயர் அவர் வாயில் நுழையவில்லை. கடைசியில் படியில் நின்று "ஹலோ!" என்று கூப்பிட ஆரம்பித்தார். தொலைபேசி ஆபரேட்டரின் ஹலோ. அவன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை. அந்த ஹலோவுக்குப் பின்னால் ஒரு நொடி நின்று, வர வேண்டிய வார்த்தை வராமல் அவர் வாயை மூடிக்கொள்வதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தன் தம்பியைக் கூப்பிட முடியாமல் போய் எத்தனையோ வருஷம் கழித்துத் திரும்பக் கிடைத்த பெயர் அது. அதையும் வாங்கிக்கொண்டுவிட்டோம். அம்மா மீது எனக்கு அப்போது கோபம் இருந்தது. எட்டு வயதுத் தம்பி ஓடிவந்து சாப்பிட உட்கார்ந்தால் கோபம் போய்விடும். இரண்டும் மாறி மாறி வரும்.

பிறகு கல்லூரி நூலகத்தில், ஆங்கிலப் பெயர்களின் மூலத்தைச் சொல்லும் தடிமனான புத்தகம் ஒன்றில் தேடிப் பார்த்தேன். ஆன்ட்டி சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. களிமண், குடியிருப்பு. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அன்னைக்கே சொன்னாளே. நாந்தான் கேக்கல" என்றாள்.

"அப்பம் திரும்ப வச்சிருவோமா?"

"நல்லாருக்கே! எடுத்தத எடுத்தாச்சு. இப்பம் போயி அதச் சொல்லி, மறுபடி ஏதாச்சும் வந்துட்டா?" கீரைக்கட்டைப் பிரித்தபடியே சொன்னாள். "தப்புதான். அதுக்காவ எம்பிள்ளைய வச்சுச் சோதிச்சுப் பாக்க முடியாதுல்லா."

அவள் சொன்னதில் பொய் இல்லை.

புதிய நூற்றாண்டில் எல்லாப் பழைய வீடுகளையும் இடித்து அடுக்குமாடி கட்ட வந்த ப்ரமோட்டர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். வீட்டுக்காரர் விற்றுவிட்டார். நாங்கள் ஆற்றைத் தாண்டி லேக் மார்க்கெட் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்குப் போனோம். ஆன்ட்டியை அவர் சபைக்காரர்கள் அலிப்பூர் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அதற்குள் அவருக்கு ஞாபகம் நழுவ ஆரம்பித்திருந்தது. அடுப்பை மூடாமல் விடுவார், வாடகையை மறப்பார். கொடுத்த வாக்கும் மறந்துபோனது. கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, படியில் நின்று முழுக் குரலில் "கிளேட்டன்!" என்று கூப்பிட்டார். எத்தனையோ வருஷம் கழித்து. தம்பி படித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து தானாக எழுந்தான். அம்மா கதவை அடித்துச் சாத்தினாள்.

அதன் பிறகு அவனை அவரிடம் போகவிடவில்லை. ஆனால் அவள் தானே அந்த இல்லத்துக்குப் போனாள். வாரத்துக்கு ஒரு முறை, ஃபிளாஸ்கில் ரசம் எடுத்துக்கொண்டு. ஆன்ட்டிக்கு அது ரசம் இல்லை, பெப்பர் வாட்டர். அவர்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. பெரும்பாலும் ஆபீஸ் முடிந்து நானும் போய்ச் சேர்ந்துகொள்வேன். அம்மா ரசத்தை ஆற்றி ஆற்றிக் கொடுப்பாள். முகத்தைத் துடைத்துவிடுவாள், நகம் வெட்டிவிடுவாள். ஆன்ட்டி எங்கள் இரண்டு பேரையும் யாரென்று அறியாமல், மிகவும் மரியாதையாக நன்றி சொல்வார். பிறகு கேட்பார், "கிளேட்டன் எங்கே?"

எந்தக் கிளேட்டனைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாது. கரக்பூர்த் தம்பியா, எங்கள் தம்பியா. அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அம்மா காது கேட்காத மாதிரி ஃபிளாஸ்கைக் கழுவப் போய்விடுவாள். நான் ஏதாவது பேச்சை மாற்றுவேன். ஒவ்வொரு வாரமும் இதே கதை. கேள்விக்குப் பதில் வராத முகம் வாடிக்கொண்டே போனது.

ஒரு திங்கட்கிழமை அவர் படுக்கையிலிருந்து எழவில்லை. ரசமும் வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டார். கேள்வியை மட்டும் விடவில்லை. "கிளேட்டன் எங்கே? ஏன் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்? அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா?" என்று அழுதார். வழக்கம் போல அம்மா எழுந்து போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஆன்ட்டியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு முறை வாயைத் திறந்து மூடினாள். பிறகு அந்தப் பெயரைச் சொன்னாள்.

"கிளேட்டன் ஸ்கூல் கயா" என்றாள், அவளுடைய இந்தியில். "கிளேட்டன் அச்சா ஹை. ஸ்கூல் சுட்டி ஹோனே ஸே ஆயேகா." பள்ளிக்கூடம் போயிருக்கிறான், நன்றாக இருக்கிறான், பள்ளி விட்டதும் வருவான்.

பதினைந்து வருஷத்தில் முதல் தடவை அம்மா வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டேன். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது அவளுக்கு. ஆன்ட்டி அழுகையை நிறுத்தினார். "ஓ, ஸ்கூல்" என்றார். "சரி, சரி. ஸ்கூலுக்குப் போகட்டும்." பிறகு ரசத்தை வாங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பியிடம் போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கழுத்தில் வைத்துப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று அவன் கையைத் தட்டிவிட்டான். மீசை அரும்பிய பையன், பத்தாம் வகுப்பு. மறுநாள் காலையில் அவன் சீருடையை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள்.

"இந்த வாரம் போக வேண்டாம். வீட்டுலயே இரி."

பரீட்சை வருகிறது என்று அவன் கத்தினான். கிறுக்குப் பிடித்திருக்கிறதா என்று அப்பா கத்தினார். அவள் அசையவில்லை. அவன் படிக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சொன்ன ஒரு வார்த்தைக்கு என்ன வரப்போகிறதோ என்று காவல் இருந்தாள். அவளைப் பார்க்க எரிச்சலாகவும் இருந்தது, பரிதாபமாகவும் இருந்தது. அவனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

சனிக்கிழமை காலையில் இல்லத்திலிருந்து போன் வந்தது. ஆன்ட்டி முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டிருந்தார். அம்மா தம்பியைப் பார்த்து, "நீயும் வா" என்றாள். மூன்று பேரும் போனோம்.

படுக்கையைச் சுருட்டிவைத்திருந்தார்கள். ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி கிடந்தது. அவரைப் பார்த்துக்கொண்ட வங்காளி ஆயா, எல்லோருக்கும் மாஷி, எங்களை உட்காரச் சொன்னாள். வயதான பெண், அழுது ஓய்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் படுக்கவே மறுத்துவிட்டாராம். நாற்காலியை ஜன்னல் பக்கம் போடச் சொல்லி, வாசல் கேட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாராம். எதிர்ச்சந்தில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே மணி அடிக்கும்போதெல்லாம், ஸ்கூல் விட்டாச்சா, ஸ்கூல் விட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். பிள்ளைகள் எல்லாம் போய்த் தெரு காலியான பிறகும் எழுந்திருக்க மாட்டாராம். வெள்ளிக்கிழமையும் மணி அடிக்கும் வரை இருந்தார், என்றாள் மாஷி.

அம்மாவுக்கு வங்காள மொழி அவ்வளவாக வராது. என் கையைப் பிடித்து, "என்ன சொல்லுதா?" என்று கேட்டாள்.

நான் சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன். தம்பி எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தான். அந்த வாரம் முழுக்க அவன் வீட்டில்தான் இருந்தான்.